முப்பத்தொரு முறை எழுதிய வரி

அத்தியாயம் 8

"கொன்னது மனுஷனே இல்லன்னா யாரை சார் கூண்டுல ஏத்தறது?"

ரேடியோ இதைக் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டாள். தபால் லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நாலாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

ரேடியோ என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். டாக்ஸி கம்பெனியில் ஒரே நேரத்தில் எட்டு டிரைவர்களோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை உதவியாளராக எடுத்து ஏழு வருடம் ஆகிறது. அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை. தபால் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். இருபத்தாறு வருடம் தபால் இலாகாவில் காணாமல் போன கடிதங்களைத் தேடுவதுதான் அவர் உத்தியோகமாக இருந்தது; இப்போது துப்பறிகிறார். கடிதம் எழுதப்பட்டதா, கிளம்பியதா, எந்த மேஜையில் நின்றது என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டே பாதி வழக்குகளை முடித்துவிடுவார்.

இந்த வழக்கில் மனிதர்களைவிட இயந்திரங்கள்தான் அதிகம். ஓர் இதய மருத்துவமனை. டாக்டரைப் பார்க்க அதன் இணையதளத்தில்தான் நேரம் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தளம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துக் கொடுப்பது ஒரு மென்பொருள் கம்பெனி. முன்பெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பார்கள். இப்போது ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் தானே பிரவுசரைத் திறந்து, தானே படிவம் நிரப்பி, தானே அழித்துப் பார்க்கிறது. அது விழுந்து எழுந்து பழகுவதற்காக, அசலைப் போலவே ஒரு நகல் தளமும் உண்டு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நகல் தளத்தில் யாரோ மறந்து விட்டுவைத்த ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு ஏஜென்ட் அசல் தளத்துக்குள் போய்விட்டது. போன இடத்தில், சோதனையை ஆரம்பிக்குமுன் வழக்கமாகச் செய்வது போலப் பழைய பதிவுகளையெல்லாம் துடைத்தது. அறுபத்துமூன்று நிஜ நோயாளிகளின் நேரம் ரத்தானது.

அறுபத்திரண்டு பேர் போன் போட்டுச் சண்டை பிடித்து வேறு நேரம் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் போன் போடவில்லை. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூசுகிறவர். "அவங்களுக்கு என்ன அவசரமோ, அவங்களே கூப்பிடுவாங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை டாக்டரைப் பார்ப்பதற்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையைத் திரும்பப் பீரோவில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அவருடைய மகள்தான் தபாலிடம் வந்தவள். மருத்துவமனைக்காரர்கள் அவளிடம் சொன்னது, சோதனை செய்கிற ஏதோ ஒரு இயந்திரம் தவறாக அழித்துவிட்டது என்பது மட்டும்தான். அவள் அழவில்லை. நாலு பக்கம் டைப் அடித்த விவரத்தை மேஜைமேல் வைத்தாள்.

"யார் கைன்னு எனக்குத் தெரியணும் சார். மன்னிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கறேன்."

அந்த நாலு பக்கத்தைப் பார்த்து ரேடியோ அசந்துபோனாள். முதல் பக்கத்தின் தலையில் இரட்டைக்கோடு போட்ட ஒரு கட்டம். அதற்குள் 'பொதுக் குறிப்பு' என்று தலைப்பிட்டு, கீழே வரும் தேதிகள் எல்லாம் போன மாதத்தவை, மருத்துவமனை என்றால் இன்ன மருத்துவமனை, டாக்டர் என்றால் இன்னார் என்று ஒரே தடவை சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு விவரம்கூட இரண்டாவது முறை வரவில்லை.

"நான் புகார் எழுதினா முதல் பக்கம் முழுக்க 'ஐயோ'தான் சார் இருக்கும்" என்றாள் அன்று.

கம்பெனி ஏற்கெனவே ஒருத்தியைக் கை காட்டிவிட்டது. ஏஜென்டுக்கான குறிப்புகளை எழுதிய சோதனையாளர். இன்று மாலை நாலு மணிக்கு மருத்துவமனையில் கூட்டம். அங்கே அவளுடைய அலட்சியம்தான் காரணம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. அவள் வீட்டுக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தவள் தங்கை. பேக்கரியில் வேலை செய்கிறவள். கை மணிக்கட்டு வரை மாவு. அக்கா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு மூடியபடி இருந்தது.

"நான் எழுதினேன் சார்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. "ஒவ்வொரு டூலுக்கும் எழுதினேன்."

"டூல்னா ஸ்பேனரா சுத்தியலா?" என்றாள் ரேடியோ.

"ஏஜென்டுக்குக் கை கிடையாதுங்க. பக்கத்தைத் திற, பொத்தானை அழுத்து, பதிவைத் துடை, இப்படி முப்பத்தொரு டூல் குடுத்திருக்கோம். அதான் அதுக்குக் கை. ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுதி வைக்கணும். இது என்ன செய்யும், எப்ப எடுக்கணும், எப்ப தொடவே கூடாது. அந்த நாலு வரியைப் படிச்சுட்டுதான் எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ணும். புரியலன்னா 'அக்கா இது என்ன'ன்னு வந்து கேக்காது. தானா ஒண்ணை நினைச்சுக்கிட்டு செஞ்சிடும்."

"எங்க வீட்டு மாப்பிள்ளையும் இதே ரகம்" என்றாள் ரேடியோ. தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"எழுதினதுக்கு அத்தாட்சி ஏதாவது இருக்காம்மா?" என்றார் தபால்.

"கம்ப்யூட்டரை வாங்கி வச்சுக்கிட்டாங்க சார்."

"அந்தச் சீட்டையெல்லாம் காட்டேன் அக்கா" என்றாள் தங்கை. அக்கா அசையாமல் இருக்கவே, அவளே போய் ஒரு ஷூ டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட காகிதச் சீட்டுகள்.

"நாலஞ்சு மாசம் முன்னாடி தினம் சாப்பிடுறப்ப ஒரு சீட்டைக் கையில குடுப்பா. இதை மட்டும் படி, என்கிட்ட எதுவும் கேக்காத, இப்ப நீ என்ன செய்வேன்னு சொல்லும்பா. எனக்குக் கம்ப்யூட்டர்ல பாட்டு வைக்க மட்டும்தான் தெரியும். எனக்கே புரிஞ்சா அதுக்கும் புரியுமாம். இது பெருமையா அவமானமான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

தபால் தேடி, பதிவு துடைக்கிற டூலுக்கான பத்தொன்பதாவது சீட்டை எடுத்தார். 'பதிவுகளைத் துடை. திறந்திருக்கும் தளத்தில் உள்ள எல்லா முன்பதிவுகளையும் இது ரத்து செய்யும். ரத்தானது திரும்ப வராது. சோதனை தொடங்குமுன் ஒரே ஒரு முறை பயன்படுத்து. தளத்தின் முகவரியில் நகல் என்ற சொல் இல்லையென்றால் இதைத் தொடாதே. நிறுத்திவிட்டு மனிதரிடம் கேள்.'

அடுத்த சீட்டை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். கடைசி வரி எல்லாவற்றிலும் அதே வரி.

"முப்பத்தொண்ணுலயும் அதேதான் சார்" என்றாள் தங்கை. "ஏன்க்கா கிளிப்பிள்ளை மாதிரின்னு நானே திட்டியிருக்கேன்."

"எல்லாச் சீட்டையும் ஒண்ணா அதுகிட்ட குடுக்க மாட்டோம்" என்றாள் அக்கா. "அந்தந்த வேலைக்கு எது வேணுமோ அந்த ரெண்டோ மூணோதான் அது பார்வைக்குப் போகும். எந்தச் சீட்டு போனாலும் எச்சரிக்கையும் கூடவே போகணும். அதுக்காகத்தான்." பிறகு மெதுவாக, "அந்தப் பெரியவர் போட்டோவைப் பேப்பர்ல பாத்தேன். நான் நிஜமாவே எழுதினேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். ராவும் பகலும் இந்தச் சீட்டை எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

"எழுதினப்புறம் எங்க போச்சு?"

"வாசகம் திருத்தறதுக்கு வெளிய அனுப்புவாங்க. திருத்தி வர்றது நேரா மெஷின்ல ஏறிடும். மறுபடி என் கைக்கு வராது."

தபால் சீட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டார். "கடிதம் எழுதப்பட்டிருக்கு" என்றார் படி இறங்கும்போது. "கிளம்பியும் இருக்கு."

கம்பெனி மேனேஜர் ரொம்ப மரியாதையான மனிதர். மூன்று தடவை காபி வேண்டுமா என்று கேட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தை நகர்த்தினார். சம்பவத்தன்று ஏஜென்டின் பார்வையில் இருந்த குறிப்பு அது. பத்தொன்பதாவது டூல். முதல் மூன்று விஷயமும் சீட்டில் உள்ளபடியே இருந்தன. கடைசி வரி இல்லை.

"பாத்தீங்களா? எச்சரிக்கையே கிடையாது. வீட்டுல பெட்டியில வச்சிருக்கற சீட்டை வச்சு நாங்க என்ன பண்ண முடியும்?"

"திருத்தி வந்த ஃபைலைக் காட்டுங்க" என்றார் தபால். "பத்தொன்பதாவது மட்டும் வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து."

"அதெல்லாம் யாரும் பாக்கறதில்ல சார். மெஷினே எடுத்துக்கும்."

"அதான் பாக்கணும்."

மேனேஜர் சலித்துக்கொண்டே தேடினார். பிரிண்டர் முதல் பக்கத்தைத் துப்பியது. அதை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். டூல்கள் தொடங்குவதற்கு முன்னால், பக்கத்தின் தலையில் ஒரு கட்டத்துக்குள், எச்சரிக்கை அப்படியே இருந்தது. 'கீழுள்ள கருவிகள் அனைத்துக்கும் பொருந்தும்: முகவரியில் நகல் என்ற சொல் இல்லையென்றால் எதையும் தொடாதே, நிறுத்திவிட்டு மனிதரிடம் கேள்.'

"அப்ப வரி இருக்கே!" என்றார்.

"இருக்கு. உங்க மெஷின் எதை எடுத்துக்கும்?"

மேனேஜரின் குரல் இறங்கிப்போனது. "டூலை மட்டும். ஒண்ணொண்ணா வெட்டி எடுத்துக்கும். மேல இருக்கறது தலைப்புன்னு விட்டுடும்."

"முப்பத்தொரு கடிதத்துலயும் இருந்த வரியை உருவி, ஒரே உறையில போட்டு, அந்த உறையை மேஜையிலயே விட்டுட்டுப் போயிருக்கீங்க" என்றார் தபால்.

"யாரோ வேணும்னே கோத்து விட்டிருக்காங்க சார்!" என்றாள் ரேடியோ. "அந்தக்காவைப் பிடிக்காத யாரோ."

"வேணும்னே எடுக்கறவன் மேல கொண்டுபோய்க் கட்டம் கட்டி வைக்க மாட்டான். இது வேலை தெரிஞ்சவங்க செஞ்சது. படிக்கறவங்களுக்கு அலுப்புத் தட்டக் கூடாதுன்னு நினைச்சுச் செஞ்சிருக்காங்க." அவர் மேனேஜரிடம் திரும்பினார். "திருத்தினது யாரு?"

"ஏஜென்சி மூலமா போகுது. பேரெல்லாம் தெரியாது. பதினாலாம் நம்பர்னு மட்டும் இருக்கு. அவங்களுக்கும் இது எந்தத் தளத்துக்குன்னு தெரியாது. ரகசியம்னு நாங்க சொல்றதில்ல."

தபால் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுண்டிப்போனதை ரேடியோ கவனித்தாள். மேனேஜரிடம் வணக்கம்கூடச் சொல்லாமல் எழுந்து நடந்தார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஓட்டு" என்றார் காரில் ஏறியதும். "நம்ம கட்சிக்காரி வீட்டுக்கு."

"அதுக்குள்ளயா? பதினாலாம் நம்பரைப் பிடிக்க வேண்டாமா?"

அவர் இரண்டு காகிதங்களை அவள் மடியில் வைத்தார். ஒன்று இப்போது பிரிண்ட் எடுத்த பக்கம். இன்னொன்று மகள் கொடுத்த நாலு பக்கத்தில் முதல் பக்கம். இரண்டின் தலையிலும் இரட்டைக்கோட்டுக் கட்டம். இரண்டிலும் 'பொதுக் குறிப்பு'.

ரேடியோ சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.  அந்தப் பெண் வீட்டிலிருந்தபடியே வாஷிங் மெஷின் கையேடுகளையும் இயந்திரக் குறிப்புகளையும் திருத்துகிறாள் என்று விசாரித்து எழுதி வைத்ததே இவள்தான்.

"கட்டம் யார் வேணா போடலாம் சார்."

"போடலாம். அதான் கேக்கப் போறேன்."

"கேக்காதீங்க சார்." அவள் கண் கலங்கிவிட்டது. "அப்பா போயிட்டாரு. இதுவும் சேந்து வேணுமா அவங்களுக்கு? ஏஜென்சி நம்பர் கிடைக்கலன்னு சொல்லிட்டுப் போயிடலாம். நாம பொய் சொன்னதே இல்லையா என்ன?"

"சொல்லியிருக்கோம். நாலு மணிக்கு அங்க ஒருத்தி தலையில பழி விழப் போகுது. அவ சோறு தண்ணியில்லாம உக்காந்திருக்கா. அவ முகத்தையும் பாத்துட்டுத்தானே வந்த?"

"மெஷின் மேல தப்புன்னு மட்டும் சொன்னா?"

"வரி எப்படி மேல போச்சுன்னு முதல் கேள்வியே அதான் வரும். அது கூட்டத்துல வேற யார் வாயிலேர்ந்தோ இந்தப் பொண்ணு காதுல விழறதை விட, நாம போய்ச் சொல்றது மேல்."

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அணைக்கும் பொத்தான் கிடைத்துவிட்டது என்று தபாலுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

கதவைத் திறந்தது இறந்துபோனவரின் மனைவி. "ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்றாள். "மகளைப் பாத்துட்டுச் சொல்றேன்மா" என்று தபால் தலையைக் குனிந்தபடி மாடிப்படி ஏறினார்.

மகள் வேலையில் இருந்தாள். திரையில் ஏதோ கையேடு. மூடி வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"உங்க தொழில்ல ஒரு சந்தேகம்மா" என்றார் தபால். "ஒரு பட்டியல் வருது. முப்பத்தொரு உருப்படி. எல்லாத்துலயும் கடைசி வரி ஒண்ணே ஒண்ணு. நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"எடுத்து மேல ஒரே தடவை போட்டுடுவேன்" என்றாள் உடனே. தெரிந்த கேள்வி வந்ததில் முகம் கொஞ்சம் தெளிந்தது. "படிக்கறவங்களை ஏன் படுத்தணும்? அப்பாவும் அப்படித்தான். ஒரு விஷயத்தை ரெண்டாவது தரம் சொன்னா, காது கேக்குதும்மா எனக்குன்னுவாரு. ஏன் சார்?"

தபால் சீட்டுகளை எடுத்து வைத்தார். மேலே பத்தொன்பதாவது சீட்டு.

அவள் படித்தாள். அடுத்த சீட்டைப் படித்தாள். மூன்றாவதைப் படிக்கவில்லை, மீதிச் சீட்டுகளின் கடைசி வரியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். முப்பத்தொன்று வரை போனாள். ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது எனக்கு வந்துது" என்றாள் மகள். "நாலு மாசம் ஆச்சு. எதுக்கு, எந்தத் தளம், ஒண்ணுமே போடலை. பதிவுன்னா எந்தப் பதிவுன்னுகூட இல்ல."

"தெரியும்மா."

"ரொம்ப நேர்த்தியா இருக்குன்னு ஏஜென்சியிலேர்ந்து பாராட்டி மெயில் வந்துது சார். யாரும் அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க. அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு. அம்மாவைக் கூப்பிட்டு அவங்களுக்கும் படிச்சுக் காட்டினாரு."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அப்பா செத்த வீட்டில் அத்தனை நாள் கல்லாக நின்றவள் மேஜையில் தலையை வைத்து அழுதாள். ரேடியோ போய் அவள் முதுகில் கை வைத்தாள். தபால் நின்ற இடத்திலேயே நின்றார். இந்த உத்தியோகத்தை விட்டுத் தொலைத்தால் என்ன என்று அவருக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். கழற்றிக் கையில் வைத்திருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"நீங்க மட்டும் இல்லம்மா" என்றார் பிறகு. "தலைப்பை வெட்டி எறிஞ்ச மெஷின் இருக்கு. ஏறினதைத் திரும்பப் பாக்காத கம்பெனி இருக்கு. நகல்ல அசலோட இணைப்பை விட்டு வச்சவன் இருக்கான். நாலு பேர் கை பட்டிருக்கு."

"அவங்க கையை அவங்க சொல்லட்டும் சார். நான் கேட்டது யார் கைன்னுதான்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை எழுதினவங்க?"

"அவங்க பேர்லதான் பழி. நாலு மணிக்குக் கூட்டம்."

"நம்பர் குடுங்க."

ரேடியோ தன் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் எடுத்ததும் மகள் எழுந்து நின்றுகொண்டாள்.

"நீங்க எழுதினது இருந்துதுங்க. முப்பத்தொரு இடத்துலயும் இருந்துது. எடுத்தது நான்தான். இல்லைங்க, நான் யாருன்னா... ஆமா. அவரோட பொண்ணுதான். நாலு மணிக்கு நானே வந்து சொல்லிடறேன். நீங்க பயப்படாதீங்க."

 மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "இன்னும் இல்ல" என்றாள் மகள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் ரேடியோ.

"சாப்பிட்டீங்களான்னு."

மணி மூன்றேகால். மகள் சீட்டுகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். மூவரும் இறங்கி வந்தார்கள். கீழே அம்மா மாடிப்படிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதாடி?"

ரேடியோவுக்கு வாய் துடித்தது. மெஷின், கம்பெனி, ஏதோ கோளாறு, எதையாவது சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். தபால் அவள் கையை அழுத்திப் பிடித்தார்.

மகள் கடைசிப் படியையும் இறங்கி, அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுதும்மா" என்றாள். "நான்தான்."